இரண்டாவது தடவையும் போய்ப் பாரு, தங்கச்சி

பதவி உயர்வுக் கலந்தாய்வில் ஊரைத் தேர்ந்தெடுத்து, பொறுப்பேற்று, ஹெச்.எம். அறைச் சாவியையும் வாங்கிவிட்டாய். வாழ்த்துகள், தங்கச்சி. இனி எமிஸ் பதிவு, காலை உணவு, சத்துணவுக் கணக்கு, விலையில்லா நோட்டு, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், கழிப்பறைக்குத் தண்ணீர் என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்று உன்னைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இவற்றில் எதைத் தள்ளிப்போட்டாலும் யாராவது போன் போட்டுக் கேட்பார்கள். ஆசிரியர்களின் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்து, அதைப் பற்றி அவர்களோடு பேசுகிற வேலையை மட்டும் வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்டாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு நேராகப் போய்ச் சேர்கிற வேலை அதுதான். அதனால் அதைப் பற்றி மட்டும் உனக்கு எழுதுகிறேன். மெட்ரிக் பள்ளியில் கோஆர்டினேட்டராக, வைஸ் பிரின்சிபாலாக இருக்கிற தங்கச்சிகளும் படிக்கலாம். பெரும்பாலானவை உங்களுக்கும் பொருந்தும்.

முதல் காரியம், கால அட்டவணையில் அதற்கு இடம் போடுவது. வாரத்துக்கு இரண்டு பீரியட் போதும். எட்டு ஆசிரியர்கள் இருக்கிற நடுநிலைப் பள்ளி என்றால் ஒரு மாதத்தில் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம். நான் சொல்லப்போகிற இரண்டாவது பார்வையையும் சேர்த்தால் இரண்டு மாதம் ஆகும். 'நேரம் கிடைக்கும்போது போகலாம்' என்று விட்டால் அந்த நேரம் மார்ச் வரைக்கும் கிடைக்காது.

நீ அவர்கள் வகுப்புக்குப் போவதற்கு முன்னால் அவர்களை உன் வகுப்புக்குக் கூப்பிடு. நீயும் ஏதாவது ஒரு பாடம் எடுக்கிறாய்தானே? "இன்னிக்கு ஏழாம் வகுப்புல அறிவியல் எடுக்கிறேன். பின்னாடி உக்காந்து பாத்துட்டு, எந்த இடத்துல பசங்க கவனம் போச்சுன்னு சொல்லுங்க டீச்சர்" என்று கேள். அவர்கள் சொன்னதை மறுத்துப் பேசாமல் உன் நோட்டில் எழுதிக்கொள். அடுத்த வாரம் அவர்கள் வகுப்பில் நீ நோட்டோடு உட்காரும்போது அந்த நோட்டைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

சொல்லாமல் போவதா, சொல்லிவிட்டுப் போவதா என்று எல்லோரும் கேட்பார்கள். சொல்லிவிட்டே போ. சொல்லாமல் போனால் ஆசிரியர் வகுப்பில் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியும். அதைத் தெரிந்துகொள்ள வராண்டாவில் நடந்தாலே போதுமே. சொல்லிவிட்டுப் போனால் அவர் தன்னால் முடிந்ததில் சிறந்ததைச் செய்து காட்டுவார். அந்தச் சிறந்ததிலும் எது குறைகிறதோ, அதைத்தான் நீ கூட இருந்து சரிசெய்ய வேண்டும். அதனால் முதல் நாள் மாலையே கேட்டுவிடு: "நாளைக்கு மூணாவது பீரியட் வரலாமா? நான் குறிப்பா எதைப் பார்க்கணும்னு நீங்க நினைக்கிறீங்க?" அந்த இரண்டாவது கேள்வி முக்கியம். "கடைசி பெஞ்ச் பசங்க பேசிக்கிட்டே இருக்காங்க, அதைப் பாருங்க மேடம்" என்று அவரே ஒன்றைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வகுப்புக்குள் போனதும் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்வார்கள். பதில் வணக்கம் சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துவிடு. ஆசிரியரின் நாற்காலியில் உட்காராதே, அவர் பக்கத்திலும் நிற்காதே. அடுப்படியில் மாமியார் வந்து நின்றால் கைப்பக்குவம் தெரிந்தவளுக்கும் உப்பு கூடிப்போகும். பக்கவாட்டில், பிள்ளைகளின் முகமும் நோட்டும் தெரிகிற இடமாகப் பார்த்து அவர்களோடே உட்கார். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் உனக்கு முதுகுகள்தான் தெரியும்.

பாடம் நடக்கும்போது வாய் திறக்காதே. கரும்பலகையில் தப்பாக ஒன்று எழுதிவிட்டாலும் பிள்ளைகள் முன்னால் திருத்த வேண்டாம். பிறகு தனியாகச் சொல். மறுநாள் அவரே பிள்ளைகளிடம் திருத்திச் சொல்லட்டும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளை மேல் கை ஓங்கினால், அவமானப்படுத்திப் பேசினால், அந்த நிமிஷமே எழுந்து தடு. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. அங்கே 'அப்புறம் பேசலாம்' என்பதற்கு இடமே இல்லை.

நோட்டில் என்ன எழுதுவது? இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 'வகுப்பு நிர்வாகம் நன்று', 'மாணவர் பங்கேற்பு குறைவு' என்று தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள். அதைப் படிக்கிற ஆசிரியருக்கு நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றும் தெரியாது. கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை அப்படியே எழுது. ஓர் உதாரணம் சொல்கிறேன். நான்காம் வகுப்பு, கடன் வாங்கிக் கழித்தல். டீச்சர் 502-இலிருந்து 178-ஐக் கழிக்கிற கணக்கைக் கரும்பலகையில் அழகாகப் போட்டு 324 என்று விடையும் எழுதுகிறார். "புரிஞ்சுதா?" என்று கேட்கிறார். "புரிஞ்சுது டீச்சர்" என்று வகுப்பே பாடுகிறது. அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். சன்னல் ஓரத்துப் பையனின் நோட்டில் அதே கணக்குக்கு 476 என்று இருக்கிறது. உன் நோட்டில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: '10.20, புரிஞ்சுதா என்று கேட்டார், எல்லோரும் ஆமாம் என்றார்கள். சன்னல் ஓரத்துப் பையன்: 476.'

அந்த 476-ஐக் கொஞ்சம் பார். எட்டில் இரண்டு போனால் ஆறு, ஏழில் சைபர் போனால் ஏழு, ஐந்தில் ஒன்று போனால் நாலு. மேலே கீழே எது இருந்தாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். கவனக்குறைவால் இப்படி வராது. அவன் மனதில் ஒரு தப்பான விதி இருக்கிறது, அதை அவன் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறான். கடன் வாங்க வேண்டியிருக்கிற கணக்கு அதை வெளியே கொண்டுவந்துவிட்டது. அந்த ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும், நீ அந்த நாளுக்கான வேலையைப் பார்த்துவிட்டாய்.

எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திகைத்தால் பி.எட். நாட்களை நினைத்துக்கொள். ஃபிளாண்டர்ஸ் என்று ஒருவர் பெயரை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினோமே! மூன்று விநாடிக்கு ஒரு தடவை வகுப்பில் நடப்பதைப் பத்து வகையில் ஒன்றாகக் குறிக்கிற முறை அவருடையது. அத்தனையும் வேண்டாம். ஆசிரியர் கேட்ட கேள்விகள் எத்தனை, அவற்றில் ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடியவை எத்தனை, பதில் சொன்ன பிள்ளைகள் யார் யார் என்று கோடு போட்டு எண்ணு. ஐந்து பேரே திரும்பத் திரும்பப் பதில் சொல்கிறார்கள் என்பது அந்தக் கோடுகளில் தானாகத் தெரிந்துவிடும். இன்னொன்று, கேள்விக்குப் பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று மனதுக்குள் எண்ணிப் பார். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் இதைத்தான் அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். காசு செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடிய மாற்றம் இது.

எண்ணும் எழுத்தும் வகுப்பு என்றால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: முதல் படியான அரும்பு நிலையில் இருக்கிற பிள்ளைகளோடு டீச்சர் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார்? மலர் நிலைப் பிள்ளைகள் தாங்களே செய்துகொள்வார்கள். அரும்பு, டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் மொட்டாகும்.

பார்த்ததை அன்றே பேசிவிடு. ஒரு வாரம் கழித்துப் பேசினால் உனக்கும் மறந்திருக்கும், அவருக்கும் மறந்திருக்கும். அந்த ஒரு வாரமும் 'ஹெச்.எம். என்ன நினைச்சாங்களோ' என்று அவர் தூக்கம் கெட்டிருப்பார். இடம் ஸ்டாஃப் ரூமாக இருக்கக் கூடாது. டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரமும் கூடாது. பிள்ளைகள் போன பிறகு அவருடைய வகுப்பறையிலேயே, கதவைத் திறந்து வைத்து, பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். உன் மேஜைக்கு அந்தப் பக்கம் அவரை நிற்க வைத்துப் பேசினால் அது விசாரணை ஆகிவிடும். போனை சைலன்ட்டில் போடு. கால் மணி நேரம் போதும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரை உட்கார வைக்காதே, மறுநாள் காலை பிரேயருக்கு முன்னால் வரச் சொல்.

"நல்லா எடுத்தீங்க, ஆனா..." என்று ஆரம்பிக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்த 'ஆனா' வந்ததும் முன்னால் சொன்ன பாராட்டு காதிலேயே தங்காது. பாராட்டு உண்மையானால் தனியாக, குறிப்பாகச் சொல்: "பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டீங்க, அந்தப் பொண்ணு எழுந்து நின்னு முழு வாக்கியமா பதில் சொன்னா." வெறும் 'சூப்பர்' யாருக்கும் உதவாது. பிறகு நீ கண்டதை முன்னால் வைத்துக் கேள்வி கேள். அந்தக் கழித்தல் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

"டீச்சர், ஓரத்துப் பையன் நோட்டுல 476-ன்னு இருந்துச்சு. அது எப்படி வந்திருக்கும்?"

"எட்டுல ரெண்டு போனா ஆறு... அய்யோ, பெருசுலேருந்து சின்னதைக் கழிச்சிருக்கான் மேடம். புரிஞ்சுதுன்னு சொன்னானே!"

"இன்னும் எத்தனை பேரு அப்படிப் போட்டிருப்பாங்க?"

"தெரியலையே மேடம். நோட்டைப் பாத்தாத்தான் தெரியும்."

"முப்பது நோட்டையும் பாக்காம, வகுப்புலேயே தெரிஞ்சுக்க என்ன வழி?"

"ஒரு கணக்கு முடிஞ்சதும் சிலேட்டுல போட்டுத் தூக்கிக் காட்டச் சொல்லலாம்."

இந்தப் பேச்சில் நீ குறை என்று ஒன்றுமே சொல்லவில்லை. பையன் தப்புப் போட்டதைக் காட்டினாய், வழியை அவரே கண்டுபிடித்தார். அவர் கண்டுபிடித்த வழி உன் யோசனையைவிடச் சுமாராகத் தெரிந்தாலும் அதையே செய்யச் சொல். தானே சொன்னதைத்தான் மனிதர்கள் செய்து பார்ப்பார்கள். அவருக்கு ஒன்றும் தோன்றாமல் அமைதியாக இருந்தால் அப்போது நீ ஒன்று கொடு: "ஐந்து நூறு ரூபாய்த் தாளும் ரெண்டு ஒரு ரூபாயும் வெச்சு, 178 ரூபா கொடுன்னு கேட்டுப் பாருங்களேன். நூறை மாத்தாம கொடுக்க முடியாதுன்னு பசங்களே சொல்லுவாங்க."

ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம். இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். கையெழுத்து, குரல், கரும்பலகை, கேள்வி, பாடக்குறிப்பு என்று உனக்குப் பத்துக் குறை தெரியும். பத்தையும் சொன்னால் அவர் மனதில் 'நான் லாயக்கில்லை' என்பது மட்டுமே நிற்கும். க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-இல், பின்னூட்டம் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட முடிவுகளில் பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் செய்கிற வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவள்' என்பதன் மேல் திரும்பிவிட்டால் பலன் போய்விடும் என்பது அவர்கள் தந்த விளக்கம். 'உங்களுக்கு ஆர்வம் இல்லை', 'உங்களுக்குப் பொறுமை பத்தாது' என்று ஆளைப் பற்றிச் சொல்கிற வாக்கியங்களை அடியோடு விட்டுவிடு.

தனியார் பள்ளிகளில் உற்றுநோக்கல் படிவத்தில் ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போடச் சொல்வார்கள். நிர்வாகம் கேட்டால் போட்டுத்தான் ஆக வேண்டும், அதை நிர்வாகத்துக்கு மட்டும் கொடு. ஆசிரியரோடு பேசும்போது அந்தத் தாள் மேஜை மேல் இருக்க வேண்டாம். மாணவர்களை வைத்து ரூத் பட்லர் என்பவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்ந்து பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. பெரியவர்களுக்கும் அப்படித்தான். மார்க்கைப் பார்த்தவர் அடுத்த வகுப்பு டீச்சருக்கு எவ்வளவு என்றுதான் யோசிப்பார்.

இப்போது நான் சொல்ல நினைத்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பி.எட்.டில் நுண்ணிலைக் கற்பித்தல் சுழற்சி ஒன்று படித்தோம், ஞாபகம் இருக்கிறதா? நம் நாட்டு முறையில் மொத்தம் 36 நிமிடம். கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டமிடல் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. அந்த எண்களை நிதானமாகப் பார். மிக அதிக நேரம் யோசித்துத் திரும்பத் திட்டமிடுவதற்கு. அதோடு, திரும்ப நடத்திக் காட்டி, திரும்பப் பேசி முடித்தால்தான் சுழற்சி முடிகிறது. பயிற்சி மாணவிக்கு நாம் கொடுத்த இந்த மரியாதையை, வேலைக்கு வந்த ஆசிரியருக்கு நம் பள்ளிகள் கொடுப்பதில்லை. ஒரு தடவை பார்க்கிறோம், பதிவேட்டில் நாலு வரி எழுதுகிறோம், கையெழுத்து வாங்குகிறோம், அடுத்த வருஷம் ஆண்டாய்வில் அதே நாலு வரி. இது எனக்கு மனசு பொறுக்காத விஷயம்.

ஆகவே பேசி முடித்ததும் இரண்டு காரியம் செய். அந்த வாரத்தில் அவருக்கு ஒரு பீரியட் ஓய்வாகக் கிடைக்க வழி பண்ணு. நீயே அவர் வகுப்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டால், 'இந்தப் பீரியட்டுல அடுத்த பாடத்தை மாத்தி யோசிங்க' என்று சொல்லலாம். சப்ஸ்டிட்யூட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கிற ஆசிரியருக்கு யோசிக்க நேரம் கொடுக்காமல் மாறச் சொல்வது நியாயமில்லை. அடுத்து, பத்து நாளுக்குள் திரும்பப் போ. போகும்போது அந்த ஒரு விஷயத்தை மட்டும் பார். சிலேட்டைத் தூக்கினார்களா, தப்பாகப் போட்டவர்களைப் பார்த்து அவர் என்ன செய்தார் என்பது மட்டும். கரும்பலகைக் கையெழுத்து கோணலாக இருந்தாலும் அன்றைக்கு அது உன் கண்ணில் படவே கூடாது. மாற்றம் கொஞ்சம் தெரிந்தாலும் சொல்: "போன தடவை ஒரு பையன் தப்பு எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. இன்னிக்கு ஏழு பேரோட தப்பு உங்களுக்கே தெரிஞ்சுது." ஒன்றும் மாறவில்லை என்றால் அதைச் செய்ய என்ன தடை என்று கேள். பல நேரம் காரணம் எளிமையானதாக இருக்கும்: சிலேட்டே இல்லை, சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. அது உன் வேலை.

பதிவேடு பற்றி ஒன்று. ஆசிரியர் காதால் கேட்காத ஒரு வரியைக்கூட அலுவலகப் பதிவேட்டில் எழுதாதே. நேரில் புன்னகையோடு பேசிவிட்டுப் பதிவேட்டில் குறையாக எழுதினால் அன்றோடு உன் மேல் நம்பிக்கை போயிற்று. உன் குறிப்பு நோட்டு தனி. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடு.

உன்னைவிட வயதில் மூத்த சார் ஒருவர் எல்லாப் பள்ளியிலும் இருப்பார். பதவி உயர்வு உனக்குக் கிடைத்தது பற்றி அவருக்கு வருத்தம்கூட இருக்கலாம். அவரிடம் திருத்துகிற தோரணையில் போகாதே. "சார், செய்யுள் எப்படி நடத்துறீங்கன்னு பாக்கணும். புதுசா வந்த டீச்சரையும் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேள். அவரிடம் நிச்சயம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கும். அதை முதலில் எடுத்துக்கொள். மரியாதை கிடைத்த பிறகு, "கடைசி வரிசைப் பசங்க நோட்டுல செய்யுள் பாதியிலேயே நிக்குது சார், என்ன பண்ணலாம்?" என்று நீ கேட்டால் அவரே வழி சொல்வார். புதிதாக வந்த இளம் ஆசிரியை நேர் எதிர். நீ என்ன சொன்னாலும் தலையாட்டுவார். அவரிடம் குறைவாகச் சொல், அடிக்கடி போ.

பேசும்போது அழுதுவிட்டால்? நிறுத்திவிடு. தண்ணீர் கொடு, நாளைக்குப் பேசலாம் என்று சொல். விடியற்காலை எழுந்து சமைத்து வைத்து, இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் நம் டீச்சர்கள். வீட்டில் என்ன நடக்கிறதோ, நமக்குத் தெரியாது. ஆனால் நாளைக்கு மறக்காமல் பேசு. அவருடைய கஷ்டம் உண்மை. 476 போட்ட பையனின் கஷ்டமும் உண்மை.

வாட்ஸ்அப்பில் பெற்றோர் புகார் வந்தால், "பேரண்ட்ஸ் சொல்றாங்க" என்று பெயர் சொல்லாமல் கொண்டுபோய்ப் போடாதே. முதலில் நீயே வகுப்பைப் போய்ப் பார், பார்த்ததை மட்டும் பேசு. மேலதிகாரிகள் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டுக்காக நீ வாங்கிய திட்டை ஸ்டாஃப் மீட்டிங்கில் இறக்கி வைக்காதே. அதற்குப் பதிலாக ஜூலையிலேயே பத்தாம் வகுப்பில் 35 மார்க்கைத் தொட முடியாத பிள்ளைகளின் விடைத்தாள்களைப் பாட ஆசிரியரோடு உட்கார்ந்து பார். எந்தக் கேள்வியை அவர்கள் தொடவே இல்லை என்பதில் பதில் இருக்கும்.

நேரத்துக்கு வராதது, வகுப்புக்கே போகாதது, பிள்ளைகளை அடிப்பது வேறு கணக்கு. அதற்கு வாய்மொழி எச்சரிக்கை, மெமோ, கடைசியில் பணியாளர் ஒழுங்கு விதிகளின் 17(ஏ), 17(பி) என்று தனி வழி இருக்கிறது. அதை இதோடு கலக்காதே. கற்பித்தல் பற்றிய பேச்சில் மெமோ என்ற வார்த்தை ஒரு தடவை வந்துவிட்டாலும், அதன் பிறகு எந்த ஆசிரியரும் தன் தடுமாற்றத்தை உன்னிடம் சொல்ல மாட்டார்.

நாளைக்கு யார் வகுப்புக்குப் போகலாம் என்று இப்போதே கால அட்டவணையை எடுத்துப் பார், தங்கச்சி. பார்த்துவிட்டு, அதற்குப் பத்தாம் நாள் திரும்பப் போகிற தேதியையும் அதன் பக்கத்திலேயே எழுதிவிடு.